நார்மல் பட்டியலில் என் ரத்தம்

"உங்க வீட்டுல நார்மலா இருக்கிறவங்க யாராவது ரத்தம் குடுப்பாங்களா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டு முடிக்கும் முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன். ஒன்பதாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவன் நான். அங்கே ஒரு கேள்விக்கும் அப்படிக் கை தூக்கியதில்லை.

"நான் இருக்கேங்க. எனக்கு ஒண்ணும் கெடையாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த நாட்களில் அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால்தான் அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சுனாமி வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. அதே தெருக்கோடியில் என் கடை. வீடுகளுக்கு ஒயரிங் செய்வேன், மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்ப்பேன். என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவள் மெஷினைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துகொண்டு பேசுகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். அந்த வருஷம் ஆடி மாதத்தில் அந்தச் சத்தம் நின்றது. முதலில் துணி வாங்குவதை நிறுத்தினாள். பிறகு வாங்கி வைத்த துணிகளை வெட்டாமலே திருப்பிக் கொடுத்தாள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, உலையில் போட மறந்து, குழாயடியில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "இன்னா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாங்க, என்னை விட்டுடுங்க" என்பாள். நான் வேண்டுமா என்று எதையும் கேட்டிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய கிணறு ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சொல்லி இரும்புக் கம்பி மூடி அடித்து வந்து அதன்மேல் போட்டுப் பூட்டினேன். "தவளை உழுவுது" என்று எல்லோரிடமும் சொன்னேன். தவளை விழுந்து நான் பார்த்ததில்லை.

கோயில்களுக்கு அழைத்துப் போனேன். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடைசியில் என் மனைவியின் தம்பிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னான். அவன் டெம்போ ஓட்டுகிறவன். ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த வியாதிக்கு எந்த வாசல் என்று அவனுக்குத் தெரியும். "மாமா, சாமி கைவிடாது, சரிதான். ஆனா சாமி டாக்டருக்கும் படிப்பு குடுத்துருக்குதுல்ல" என்றான்.

அங்கே பெரிய டாக்டர் பார்த்துவிட்டு இது மனச்சோர்வு, கூடவே பதட்டம், மாத்திரையில் சரியாகும் என்றார். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கேதான் இந்தச் சின்ன டாக்டரம்மா இருந்தார். மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மாத்திரை சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை, நோயாளியின் ரத்தம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, நோய் இல்லாத ஒருவருடைய ரத்தமும் அதே போல் இரண்டு தடவை வேண்டும்.

"மனசு சரியில்லாததுக்கு ரத்தத்துல இன்னாங்க பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"மூளையைத் திறந்து பார்க்க முடியாது இல்லையா? ஆனா மூளையில இருக்கிற மாதிரியே சில ரிசெப்டர் ரத்த அணு மேலயும் இருக்கு." நான் முழிப்பதைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"எலக்ட்ரீஷியன்ங்க."

"அப்ப சுலபம். பல்பு மாட்டற ஹோல்டர்னு வச்சுக்குங்க. பயம் வந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும். அது ரத்தத்துல ஓடி வந்து அந்த ஹோல்டர்ல உக்காந்தாத்தான் அணுவுக்குத் தகவல் போகும். மனச்சோர்வு, பதட்டம் இருக்கிறவங்களுக்கு அந்த ஹோல்டரோட எண்ணிக்கை வேற மாதிரி இருக்கா, மாத்திரை சாப்பிட்டா மாறுதா, இதைத்தான் பார்க்கறோம். இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் எடுத்துக்கொண்டது வேறு. ரத்தத்தில் இருக்கிறது என்றால் பிள்ளைக்கும் போகும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஐந்தாவது படித்தாள். பரீட்சை நாள் காலையில் சாப்பிட்ட இட்லியை வாந்தி எடுப்பாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மூன்றாவது தடவை நான் அதட்டுவேன். அதட்டிவிட்டு வண்டியை எடுக்கும்போது, இவளுக்கும் வந்துவிடுமோ என்று நினைப்பேன். அவள் உடம்பில் பாதி ரத்தம் என் மனைவியுடையது, பாதி என்னுடையது. என் பாதியாவது நல்லதாக இருந்துவிட்டால் பிள்ளை தப்பித்துக்கொள்வாள். அதனால்தான் கையைத் தூக்கினேன்.

ஆனால் எனக்கு ஒன்றும் கிடையாது என்று சொன்னது பொய்.

முந்தின வருஷம் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று சீலிங் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். மெயினை நானே இறக்கி, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போகவில்லை. ஷாக் என்றுதான் நினைத்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஒயரில் துளி கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமலே எனக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. செத்துவிடப் போகிறேன், என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் செத்துவிடப் போகிறேன் என்று ஒரே நினைப்பு. ஏணியைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்த சொல்தா. "என்னப்பா, மேலயே தூங்கிட்டியா?" என்று கீழிருந்து கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு தடவை வந்தது. கடலூர் போகிற பஸ்ஸில் ஒரு தடவை. கோயிலில், கற்பூரம் காட்டுகிற நேரத்தில் ஒரு தடவை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. சாமி முன்னால் நிற்கும்போதே இப்படி வருகிறது என்றால் நான் செய்த பாவம் எவ்வளவு இருக்க வேண்டும்? யாருக்கும் தெரியாமல் ஒரு கிளினிக்கில் நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்தேன். ஒன்றும் இல்லை, கேஸாக இருக்கும் என்றார்கள். கேஸ் மாத்திரை வாங்கி டூல்ஸ் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கே முடியாமல் போனது. இனி எங்கே சொல்வது?

ரத்தம் எடுப்பதற்குப் பத்து நாள் இருந்தது. தமிழில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், இரண்டு வாரமாக எந்த மருந்தும் சாப்பிட்டிருக்கக் கூடாது, நாட்டு மருந்து உள்பட, என்று அதில் போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு, அடுத்த நாள் காலையிலேயே நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் சொறி வந்தாலும், கட்டி வந்தாலும், கல்யாணம் தள்ளிப் போனாலும்கூட ரத்தம் கெட்டுப்போச்சு என்று சொல்லி ரத்தசுத்தி பண்ணிக்கொள்வது வழக்கம். என் அம்மா எனக்குப் பண்ணியிருக்கிறாள். பரங்கிப்பட்டைச் சூரணம் வாங்கினேன். காலையில் வேப்பங்கொழுந்தை அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டி விழுங்கினேன். மீனை விட்டேன், டீயை விட்டேன். பீட்ரூட்டைத் துருவிச் சாறு பிழிந்து குடித்தேன். சாயங்காலம் கோயிலில் அபிஷேகத் தீர்த்தம். வேப்பிலை மருந்தா, அது ஆத்தாவின் இலை. சூரணம் மருந்தா, அது சுத்தம் செய்வது. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குவதில்லையா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளில் போட்டிருந்த 'நாட்டு மருந்து உள்பட' என்கிற வார்த்தைகளைக் கண் பார்த்தது. மனது தாண்டிப் போய்விட்டது.

என் மச்சான் ஒரு நாள் காலையில் வந்தவன் நான் வேப்பம் உருண்டையை விழுங்குவதைப் பார்த்தான்.

"இன்னா மாமா, ரத்தம் குடுக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா? மூஞ்சி இம்மாம் பளபளன்னு இருக்குது!"

"சும்மா இருடா."

"இப்படி வேப்பிலையத் தின்னீங்கன்னா ஊசி குத்துற நர்ஸுக்கு ஆத்தா வந்துடப் போறா, பாத்துக்குங்க."

உள்ளே படுத்திருந்த என் மனைவி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

அந்த நாள் காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். டாக்டரம்மா முதலில் அவளிடம் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் அதே மாதிரி ஒரு தாளை எடுத்தார். அவள் அதே அறையில், எனக்கு மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கம் எப்படி?"

"நல்லாத் தூங்குவேங்க."

"காரணமே இல்லாம திடீர்னு நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டறது, செத்துடுவோமோன்னு பயம்? அந்த மாதிரி எப்பவாவது?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லீங்க."

"போன ரெண்டு வாரத்துல மருந்து எதுவும்? நாட்டு மருந்து?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

மூன்று பொய். நெற்றியில் விபூதி ஈரம்கூடக் காயவில்லை. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் சாய்வு நாற்காலிகளில் உட்கார வைத்தார். "அரை மணி நேரம் அப்படியே அமைதியா இருங்க. அவசரமா வந்தாலோ பயந்தாலோ அந்த ஹோல்டர் கணக்கு அப்பவே மாறிடும். அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

என் வாழ்க்கையில் அந்த அரை மணி மாதிரி இன்னொன்று வர வேண்டாம்.

பயந்தால் தெரிந்துவிடும். பயப்படக் கூடாது என்று நினைத்த உடனே பயம் வந்துவிட்டது. கால் விரலிலிருந்து ஏறியது. ஓம் சரவணபவ, ஓம் சரவணபவ என்று உள்ளுக்குள் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. என் ரத்தத்தில் ஆயிரம் பல்பும் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி இருந்தது. எல்லாம் எரிவதை அந்த மெஷின் பார்க்கும், தாளில் எழுதிக் கொடுக்கும், உன் ரத்தமும் கெட்டது என்று. அப்புறம் என் மகளுக்கு எந்தப் பாதி மிச்சம்? வாசலில் யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போன சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடினால் அதுவே சாட்சி. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அமைதியாக இருக்கிற ஆள் எப்படி முகத்தை வைத்துக்கொள்வான் என்று யோசித்து அதே போல் வைத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுக்க வந்தவர் என் கையைத் தொட்டதும், "என்னா சார், கை ஐஸ் மாதிரி கீது? நரம்பே ஒளிஞ்சிக்கிச்சு" என்றார். இரண்டு இடத்தில் குத்தினார். ஊதா மூடி போட்ட குழாய்களில் ரத்தம் இறங்கியது. கருஞ்சிவப்பு. என் மனைவியின் குழாயும் என் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் போயின. இரண்டுக்கும் நிறத்தில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

அன்றே அவளுக்கு மாத்திரை தொடங்கினார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், நான் சமைத்த சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "உப்பு போடலியா?" என்றாள். நான் எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். உப்பு இல்லை என்று தெரிகிற அளவுக்கு அவள் திரும்பி வந்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை வாரிக்கொண்டாள். மெஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

அவள் ஏற ஏற நான் இறங்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் தெருவில் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் என்று நினைப்பேன். செல்போனில் தெரியாத நம்பர் வந்தால் எடுக்காமல் விட்டுவிடுவேன். மாத்திரை வாங்கப் போன ஒரு நாள் டாக்டரம்மாவை வராந்தாவில் பார்த்தேன். "மேடம், என் ரிசல்ட் வந்துடுச்சுங்களா?" என்றேன், ஏதோ போகிற போக்கில் கேட்பது போல.

"தனித்தனியா யாருக்கும் ரிசல்ட் குடுக்க மாட்டோம்னு அன்னைக்கே சொன்னேனே. எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம். ஆனா உங்களை மாதிரி நார்மல் ஆளுங்க கிடைக்கறதுதான் எங்களுக்குக் கஷ்டம். உங்களை வச்சுத்தான் மத்த எல்லாரையும் அளக்கறோம்."

சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். தரைக்குப் போகிற எர்த் ஒயர் சரியில்லாத வீட்டில் டெஸ்டர் காட்டுவதை நம்பக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். அந்த ஆராய்ச்சிக்கு என்னை எர்த்தாக வைத்திருக்கிறார்கள். என்னைப் போல் எத்தனை பேர் குடும்பத்தோடு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அதில் ஒருவருக்காவது என் பொய்யால் தப்பான கணக்கு போய்ச் சேர்ந்தால்? அன்று சாயங்காலம் கோயிலில் கற்பூரத் தட்டு என்னிடம் வந்தபோது நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்கிற நாளும் வந்தது. வண்டியில் போகும்போது லாஸ்பேட்டை திருப்பத்தில் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "இந்த வாட்டியும் பொய்தான் சொல்லப் போறீங்களா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"இன்னா பொய்?"

"நெஞ்சு அடிச்சிக்கிறதே இல்லன்னீங்களே, அது. ஒரு வருசமா ஏணி வேலன்னா ஆள மாத்தி அனுப்புறீங்க. கெணத்துக்குப் பூட்டு போட்டன்னிக்கு உங்க கை நடுங்கிச்சே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? டூல்ஸ் பையில கேஸ் மாத்திர. எனக்கு மனசுதான் முடியாமப் போச்சு. கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேக்குற தெம்பு இல்லீங்க அப்போ." என்றாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

பெண்ணுக்காக என்றேன். பாதி ரத்தம் என்கிற கணக்கைச் சொன்னேன். ஸ்கூட்டர்களில் கல்லூரிப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அவள் வண்டியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்போ என் ரத்தம் கெட்டதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி? உங்க பாதி நல்லதுன்னா, கெட்ட பாதி யாருது?"

அவளுக்குக் குணமாக வேண்டும் என்று மயிலம் வரை போய் வேண்டியவன் நான். அதே நேரத்தில், என் மகளின் உடம்பிலிருந்து அவளைக் கழித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்து, "போங்க. நேரமாச்சு" என்றாள்.

டாக்டரம்மா அதே மாதிரி தாளை எடுத்தார். என்னிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். நான் எழுந்து நின்றுகொண்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மேடம், போன தடவை நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. எனக்கு வருதுங்க அது. நெஞ்சு அடிச்சிக்கிறது, செத்துடுவோம்னு தோணுறது. அன்னிக்கு இந்த நாற்காலியிலயே வந்துச்சு. பத்து நாளு சூரணமும் சாப்புட்டேன். ரத்தம் சுத்தமாவட்டும்னு."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு பெட்டியிலிருந்து என் பழைய தாளைத் தேடி எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"என் மேல கோவமாங்க?"

"கோவம் இருக்கு. இல்லைன்னு நானும் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நீங்க சொல்லாம போயிருந்தா அது கடைசி வரைக்கும் கணக்குல இருந்திருக்கும். உக்காருங்க முதல்ல."

"மேடம், என் பொண்ணுக்கும் இருக்குமாங்க? ரெண்டு பக்கமும் இப்படின்னா?"

"இந்த டெஸ்ட் அதைச் சொல்லாதுங்க. குடும்பத்துல இருந்தா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வந்தே தீரணும்னு இல்லை. கெட்ட ரத்தம்னு ஒண்ணும் கிடையாது. அதைப் பார்க்கறதுக்கு இங்க மெஷினும் இல்லை. பாப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, பேசிப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி நீங்க பெரிய டாக்டரைப் பாருங்க."

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' என் காதிலேயே நின்றது. புறநோயாளிகள் பெஞ்சில் என் பெயருக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். என் மனைவி அந்தத் துண்டை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். என்னோடு பேசத்தான் இல்லை. சாயங்காலம் வரை பேசவில்லை.

சாயங்காலம், பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியிலிருந்து, "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"பாப்பா, அப்பா இன்னிக்கு ஆஸ்பத்திரி போனேன்."

"அம்மாவுக்கா?"

"எனக்கு." எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறபடியே சொன்னேன். "சில நேரத்துல அப்பாவுக்குச் சும்மாவே பயம் வருது. நெஞ்சு டபடபன்னு அடிச்சிக்கும். செத்துடுவேன்னு தோணும். ஆனா சாவ மாட்டேன். அதுக்கு மாத்திர குடுத்துருக்காங்க."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். உதட்டுக்கு மேல் பால் மீசை.

"வயித்துல கல்லு போட்ட மாதிரி இருக்குமா?"

"ஆமா."

"வெரலெல்லாம் எறும்பு ஓடுற மாதிரி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு மட்டுந்தான் அப்படி வருதுன்னு நெனச்சேன்ப்பா" என்றாள்.

இத்தனை நாளாக எந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் பயந்தேன், ஏணிமேல் பயந்ததைவிட, அந்த நாற்காலியில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அங்கே பயம் இல்லை. வகுப்பில் தன் ஊர்க்காரப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்தவள் மாதிரி இருந்தாள்.

"வந்தா நீ இன்னாப்பா பண்ணுவே?"

"தெரியலம்மா. முருகான்னு சொல்லுவேன். செவுத்தப் புடிச்சிக்கினு நிப்பேன்."

"செவுத்தையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "செவுரு இல்லாத எடத்துல வந்தா?"

"அம்மாவக் கேக்கலாம்" என்றேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று பேரும் என் மச்சானின் டெம்போவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.